ஒரு பாராட்டுக்கு மறுப்பு

சென்ற மார்கழியில் நாளிதழ் ஒன்றில் வந்த கச்சேரி விமர்சனத்தை மறுத்துச் சில விஷயங்கள் சொல்ல வேண்டியிருக்கிறது. பத்திரிகையின் பெயரையோ எழுதியவர் பெயரையோ இங்கே தரப்போவதில்லை. தந்தால் இது ஒரு தனி மனிதரோடு எனக்குள்ள வழக்காகச் சுருங்கிவிடும். அவர் எழுதியது போலத்தான் இன்னும் ஒரு டஜன் பேர் எழுதுகிறார்கள். ஒருவர் எழுதியதன் கீழ் இன்னொருவர் பெயரைப் போட்டு அச்சடித்தாலும் எவருக்கும் வித்தியாசம் தெரியப்போவதில்லை. என் புகாரே அதுதான் என்பதால், பெயரைச் சொல்வதில் நியாயமும் இல்லை.

ரசிகன் ஒருவன் விமர்சனத்தை மறுத்து எழுதுகிறான் என்றால், தன்னுடைய வித்வானைக் குறை சொல்லிவிட்டார்கள் என்ற ஆத்திரத்தில் எழுதுகிறான் என்றே எவரும் நினைப்பார்கள். இங்கே விஷயம் வேறு. எழுபது வயதைத் தாண்டிய அந்த வித்வானை நான் முப்பது வருஷங்களாகத் தொடர்ந்து கேட்டுவருகிறேன். சபாக்களில், கோயில்களில், கல்யாண வீட்டு இரைச்சலுக்கு நடுவில்கூடக் கேட்டிருக்கிறேன். விமர்சகர் அவரைப் பாராட்டித்தான் எழுதியிருக்கிறார். தாராளமாகவே பாராட்டியிருக்கிறார். நான் மறுப்பது அந்தப் பாராட்டை.

விமர்சனத்தின் சாராம்சம் இது. வர்ணத்திலேயே கச்சேரி களை கட்டிவிட்டது. கல்யாணி கிருதிக்குப் பாடிய கல்பனாஸ்வரங்களில் பொறி பறந்தது. பைரவி ஆலாபனையில் சாரீரம் ஆரம்பத்தில் ஒத்துழைக்கவில்லை என்றாலும் அனுபவ முத்திரை பளிச்சிட்டது. தீட்சிதரின் 'பாலகோபால' கம்பீரம். வயலின் நிழல்போல் தொடர்ந்தது. மிருதங்கம் அனுசரணை. தனி ஆவர்த்தனம் அளவோடு அமைந்தது. துக்கடாக்களில் உருக்கம். இவற்றுக்கு நடுவே ஒன்பது உருப்படிகளின் பெயர், ராகம், சாகித்யகர்த்தா. கடைசியில், அரங்கம் நிறைந்திருந்தது என்ற தகவல்.

இதில் எந்த வாக்கியத்தையாவது பொய் என்று சொல்ல முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். முடியாது. களை கட்டுவது, பொறி பறப்பது, பளிச்சிடுவது ஆகியவற்றுக்கு எந்த எதிர்ச்சாட்சியும் கொண்டுவர இயலாது. வேண்டுமானால் வித்வானின் பெயரை எடுத்துவிட்டு இருபது வயதுப் பையன் ஒருவனின் பெயரைப் போடுங்கள். பைரவி என்கிற இடத்தில் தோடி என்றும், 'அனுபவ முத்திரை' என்கிற இடத்தில் 'இளமைத் துடிப்பு' என்றும் மாற்றுங்கள். விமர்சனம் அப்படியே நிற்கும். ஒரு குறிப்பிட்ட மாலையில், குறிப்பிட்ட மனிதர்கள் நான்கு பேர் மேடையில் என்ன செய்தார்கள் என்பதோடு இந்த எழுத்துக்கு எந்த ஒட்டுறவும் இல்லை. நடந்த கச்சேரியைப் பற்றி எழுதப்பட்டதாக இது பாவனை செய்கிறது. உண்மையில் எந்தக் கச்சேரிக்கும் முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்ளக் கூடியது.

நடந்தது என்ன என்பதை நான் கேட்ட அளவில் சொல்கிறேன்.

பைரவி ஆலாபனையை அவர் அவசரப்படாமல் ஆரம்பித்தார். மத்திய ஸ்தாயியில் ரிஷபத்தையும் காந்தாரத்தையும் சுற்றிச் சில பிடிகள். பிறகு பஞ்சமம். அங்கிருந்து தைவதம், நிஷாதம் என்று மேலே போய், தார ஷட்ஜத்தைப் பிடிக்கப் போன இடத்தில் குரல் உடைந்தது. சன்னமான பிசிறு இல்லை. கடைசி வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படியாக உடைந்தது. இந்த மாதிரித் தருணங்களைச் சமாளிக்க மேடையில் பல உபாயங்கள் உண்டு. செருமிக்கொண்டு மறுபடி முயலலாம். வேகமான பிருகா ஒன்றைப் போட்டு மூடி மறைக்கலாம். பின்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும் சிஷ்யனை மேல் ஸ்தாயிக்கு ஏவிவிடலாம். ஆலாபனையைச் சுருக்கிக்கொண்டு வயலின்காரரைப் பார்த்துத் தலையை அசைக்கலாம். அவர் இதில் எதையும் செய்யவில்லை. நிஷாதத்துக்குத் திரும்பி வந்தார். அங்கேயே நின்றார்.

பைரவி ராகத்தின் லட்சணம் ஒன்றை இங்கே நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். அதில் இரண்டு தைவதங்கள். ஏறும்போது சதுச்ருதி தைவதம், இறங்கும்போது சுத்த தைவதம். அதாவது பஞ்சமத்திலிருந்து நிஷாதத்துக்குப் போகிற படி வேறு, நிஷாதத்திலிருந்து பஞ்சமத்துக்கு வருகிற படி வேறு. சாதாரணமாகப் பாடகர் நிஷாதத்தைத் தாண்டி ஷட்ஜத்துக்குப் போய், அதற்கு மேலும் சஞ்சாரம் செய்துவிட்டு, சாவகாசமாகக் கீழே இறங்குவார். அப்போது இந்த இரண்டு தைவதங்களுக்கும் நடுவே நிறையப் பாட்டு வந்துவிடும். ஒன்றைக் கேட்ட காது மற்றதைக் கேட்கும்போது முதலாவதை மறந்திருக்கும். அன்று ஷட்ஜம் அவருக்குக் கிடைக்கவில்லை. அதனால் நிஷாதம்வரை ஏறி, அங்கேயே திரும்பி இறங்கினார். மறுபடி ஏறினார், இறங்கினார். இரண்டு தைவதங்களும் அடுத்தடுத்து, முகத்துக்கு முகம் வந்து நின்றன. போன வழியில் திரும்ப முடியாத ராகம் பைரவி என்பது, இத்தனை வருஷங்கள் அந்த ராகத்தைக் கேட்டிருந்தும், எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஆரோகணம், அவரோகணம் என்று புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்திருந்த விஷயம் ஒரு மனிதனின் நிலைமையாகக் காதில் விழுந்தது. அவர் பாட முடியாத ஷட்ஜம் தம்பூரில் கேட்டுக்கொண்டே இருந்தது. மேடையில் நிஜத் தம்பூர் வைத்திருந்தார்கள், மின்சாரப் பெட்டியல்ல.

அடுத்து வயலின். வாசித்தவர் இளைஞர். பாடகர் ஆலாபனையை முடித்ததும் வயலின்காரர் தன் பங்கை வாசிப்பது கச்சேரி மரபு. தார ஸ்தாயியில் ஏறிச் சஞ்சரிப்பதற்கு அந்த வாத்தியத்துக்கு எந்தக் கஷ்டமும் கிடையாது. அதற்குக் கைதட்டலும் நிச்சயம். பாடகரால் எட்ட முடியாத இடத்தைத் தான் எட்டிக் காட்டுகிற சந்தர்ப்பம், அதுவும் நிறைந்த சபையில், ஓர் இளைஞனுக்கு எப்போதும் வாய்ப்பதில்லை. அவர் நிஷாதத்திலேயே நின்றார். அவரும் ஏறினார், திரும்பினார். முடிக்கப்போகும் தறுவாயில் ஒரே ஒரு தடவை, வில்லை அழுத்தாமல், மேல் ஷட்ஜத்தைத் தொட்டுவிட்டு இறங்கிவிட்டார். வித்வான் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அந்த ஷட்ஜம் கேட்டதும் கண்ணைத் திறந்து பையனைப் பார்த்தார்.

இதை 'நிழல்போல் தொடர்ந்தார்' என்று எழுதுவதைத்தான் நான் மறுக்கிறேன். நிழலுக்குத் தீர்மானம் எதுவும் கிடையாது. இந்த இளைஞர் ஒரு தீர்மானம் செய்தார். அது கலை சம்பந்தமான தீர்மானமா, மனித மரியாதை சம்பந்தமானதா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சங்கீதத்தில் இவை இரண்டும் பிரியாத இடங்கள் இருக்கின்றன என்பதற்கு அந்த இரண்டு நிமிஷம் சாட்சி. நிரவலின்போது மிருதங்கக்காரர் செய்ததும் இதே வகை. தொப்பியைக் கிட்டத்தட்ட மௌனமாக்கிவிட்டு, வலந்தலையில் மெல்லிய சொற்களாகத் தாளத்தின் எல்லைகளை மட்டும் காட்டிக்கொண்டிருந்தார். சாகித்ய வரி கீழ் ஸ்தாயியிலேயே புரண்டுகொண்டிருந்ததால் அதற்கு இடம்விட்டு உட்கார்ந்திருந்தார். 'அனுசரணை' என்கிற சொல் இதைச் சொல்லிவிடுகிறதா? எல்லா மிருதங்கக்காரர்களுக்கும், எல்லாக் கச்சேரிகளிலும் போடப்படுகிற சொல் அது.

ஆக, விமர்சகரின் கணக்கில் சாரீரம் ஒத்துழைக்காதது ஒரு குறை. 'என்றாலும்' என்று அதைத் தாண்டிப்போய்ப் பாராட்ட வேண்டியிருந்தது. அன்றைய பைரவியோ அந்தக் குறையிலிருந்துதான் பிறந்தது. அவருடைய வாக்கியத்தில் 'என்றாலும்' இருந்த இடத்தில் 'அதனால்' இருந்திருக்க வேண்டும். ஓர் இணைப்புச் சொல்லில் கச்சேரி முழுவதும் கைநழுவிப் போய்விட்டது.

இதற்கு ஒரு பதில் உண்டென்று எனக்குத் தெரியும். 'நீ முப்பது வருஷ பக்தன். உன் தெய்வத்துக்குக் குரல் உடைந்தாலும் அதில் ஒரு தத்துவத்தைக் கண்டுபிடிப்பாய்.' நியாயமான சந்தேகம். பக்தி காதை அடைத்துவிடும் என்பது உண்மைதான். என் பதில், கல்யாணியைப் பற்றியது. பொறி பறந்ததாக எழுதப்பட்ட அந்தக் கல்யாணி ஸ்வரங்கள் அன்றைய கச்சேரியின் மட்டமான பகுதி. பல வருஷங்களாக அவர் கைவசம் வைத்திருக்கும் கோர்வையைப் போட்டார். எந்த இடத்தில் எத்தனை அட்சரம் விட்டு எடுப்பில் வந்து சேருவார் என்று எனக்கு முன்னாலேயே தெரியும், வயலின்காரருக்கும் தெரிந்திருந்தது. அதில் கல்பனையும் கிடையாது, கல்யாணியும் கிடையாது. மனப்பாடக் கணக்கு. அதற்குப் பலத்த கைதட்டல் கிடைத்தது. விமர்சகர் அந்தக் கைதட்டலைத் தமிழில் மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறார். கச்சேரியில் செத்துக் கிடந்த பகுதிக்கும் உயிரோடிருந்த பகுதிக்கும் ஒரே தட்டில் பூப் போட்டிருப்பதைத்தான் பாராட்டு என்கிறோம். மட்டமாகப் பாடியதை மட்டம் என்று சொல்லியிருந்தால், பைரவியைப் பற்றி அவர் சொன்ன நல்ல வார்த்தைக்கும் ஒரு மதிப்பு வந்திருக்கும்.

பத்திரிகையில் இடம் கிடையாது என்பார்கள். இடம் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் கிடைத்த இடத்தில் பாதியை உருப்படிகளின் பட்டியல் தின்றுவிட்டிருக்கிறது. ஒரு காலத்தில் அந்தப் பட்டியலுக்கு உபயோகம் இருந்தது. வெளியூரில் இருக்கிற ரசிகன், சென்னையில் யார் என்ன பாடினார் என்று தெரிந்துகொள்ள அது ஒன்றுதான் வழி. இன்று கச்சேரி முடிந்து செருப்பைத் தேடி மாட்டிக்கொள்வதற்குள் பட்டியல் பல பேருடைய கைபேசியில் வந்து விழுந்துவிடுகிறது. பல சமயம் கச்சேரியே ஒலிப்பதிவாக வந்துவிடுகிறது. உபயோகம் போன பின்னும் பட்டியல் மட்டும் போகவில்லை என்றால் அதற்குக் காரணம், அது எழுதுபவருக்குச் சௌகரியம் என்பதுதான். காதைத் தீட்டிக்கொள்ளாமல் பத்தியை நிரப்ப அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

ஒலிப்பதிவே இருக்கும்போது விமர்சனம் எதற்கு என்றும் கேட்கலாம். வீணை தனம்மாள் 1938இல் காலமானார். அவருடைய வாசிப்பு இசைத்தட்டுகளில் கொஞ்சம் இருக்கிறது. தட்டின் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷம். ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் நடந்தது அந்தத் தட்டுகளில் இல்லை. அது என்னவாக இருந்தது என்று நமக்குத் தெரிந்திருப்பதெல்லாம், போய் உட்கார்ந்து கேட்டவர்கள் நினைவில் வைத்துச் சொன்னதால், எழுதியதால். பதிவாவது ஒலி. ஒரு கச்சேரியில் வேறொன்றும் நடக்கிறது, கேட்பவனுக்குள் நடக்கிறது. அதை வார்த்தையில் வைக்க ஒருவர் முயலாவிட்டால் அது அந்த ராத்திரியோடு போய்விடும். நாளைக்கு இந்த வித்வானின் பைரவிப் பதிவை யாராவது கேட்கலாம். பத்திரிகைக் கத்தரிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்பாரானால், குரல் உடைந்த இடத்தில் 'பாவம், வயசாகிவிட்டது' என்று பொத்தானைத் தள்ளிக் 'களை கட்டிய' பகுதிக்குப் போய்விடுவார். விமர்சனம் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அதைத்தான்.

சீசனில் விமர்சகர் படும் பாட்டையும் நினைத்துப் பார்க்கத்தான் வேண்டும். டிசம்பர் நடுவில் தொடங்கிக் காலையிலிருந்து ராத்திரிவரை ஊர் பூராவும் கச்சேரிகள். ஒரு நாளில் இரண்டு, மூன்று என்று கேட்டு, ராத்திரியே எழுதிக் கொடுத்தாக வேண்டும். களைப்பு இயற்கை. ஆனால் அந்தக் களைப்பு மெல்ல மெல்ல ஒரு ரசனைக் கோட்பாடாகவே ஆகிவிட்டிருக்கிறது. விமர்சனங்களில் திரும்பத் திரும்ப வருகிற 'விறுவிறுப்பு' என்கிற சொல்லைக் கவனியுங்கள். சங்கீத சாஸ்திரத்தில் விளம்பம், மத்தியமம், துரிதம் என்று காலப்பிரமாணங்கள் உண்டு, விறுவிறுப்பு கிடையாது. அது, அன்றைய மூன்றாவது கச்சேரியில் உட்கார்ந்திருக்கிறவனைத் தூங்கவிடாமல் வைத்திருக்கும் குணத்துக்குப் பெயர். தூக்கம் வருகிறவனின் தேவை சங்கீதத்தின் அளவுகோலாக நியமனம் பெற்றுவிட்டது.

இதனால் நஷ்டம் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. எம். டி. ராமநாதன் 1984இல் காலமானார். தாழ்ந்த சுருதி, விளம்ப காலம், ஒரு பிடிக்கும் அடுத்த பிடிக்கும் நடுவில் விட்டுவைக்கும் இடைவெளி, இவைதான் அவர் பாட்டு. 'மெதுவாகப் பாடுகிறவர்' என்கிற ஒரே வார்த்தையில் அவரை முடித்துக்கொண்டவர்கள் நிறைய. அந்த வார்த்தை பொய்யல்ல. மெதுவாகத்தான் பாடினார். அந்த மெதுவில் என்ன நடந்தது என்று கேட்டிருக்க வேண்டும். ஒரு ஸ்வரம் நிற்கும்போது அதன் கமகத்தின் இரண்டு எல்லைகளும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி விரிந்ததா? இரண்டு பிடிகளுக்கு நடுவில் இருந்த மௌனத்தில் ராகம் தொடர்ந்ததா, அறுந்ததா? சங்கீத கலாநிதிப் பட்டம் அவருக்கு அளிக்கப்படவே இல்லை. பட்டம் கிடக்கட்டும். அவர் இருந்தபோது, அவரைக் கேட்பது எப்படி என்று ஒரு சராசரி ரசிகனுக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடிய எழுத்து எவ்வளவு இருந்தது? பிறகு அவரைக் கொண்டாடினோம். கொண்டாட்டம் விமர்சனத்துக்கு மாற்றாகிவிடாது.

நம்மிடம் சங்கீத விமர்சன மரபே இல்லாமல் போகவில்லை. 1930களில் ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்கிற பெயரில் கல்கி எழுதினார். கல்கியின் நாவல்களைப் பற்றி நம் வட்டாரத்தில் என்ன அபிப்பிராயம் என்பது தெரிந்ததே. நானும் அந்த அபிப்பிராயத்துக்காரன்தான். ஆனால் அவர் கச்சேரி விமர்சனங்கள் வேறு ஜாதி. அவற்றில் ஒரு ஆள் உட்கார்ந்து கேட்கிறார். அலுத்துக்கொள்கிறார், கிண்டல் செய்கிறார், சந்தோஷப்படுகிறார், தமிழில் பாட்டு வேண்டும் என்று கட்சி கட்டுகிறார். 1943இல் தமிழ் இசைச் சங்கம் ஏற்பட்டதை ஒட்டிய சர்ச்சைகளில் அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதில் எவருக்கும் சந்தேகம் இருக்க முடியாது. அவரோடு சண்டை போடலாம். பலர் போட்டார்கள். பின்னால் வந்த சுப்புடு இன்னொரு வகை. 2007இல் மறையும்வரை வித்வான்கள் பயந்த பெயர் அது. அவருடைய கேலி சில சமயம் சங்கீதத்தையே விழுங்கிவிட்டது என்பது என் கருத்து. வாசகன் அடுத்த நாள் ஞாபகம் வைத்திருந்தது ராகத்தை அல்ல, சிலேடையை. இருந்தாலும் அவர் மேடையில் நடந்ததைக் கேட்டார் என்பதையும், கேட்டதைப் பற்றி அவருக்கு ஒரு தீர்ப்பு இருந்தது என்பதையும் மறுக்க முடியாது. இன்று கேலி போய்விட்டது, நல்லதுதான். கூடவே தீர்ப்பும் போய்விட்டது. சில விதிவிலக்குகள் தவிர, மிச்சமிருப்பது மரியாதை. மரியாதை ஒரு நல்ல குணம். விமர்சன முறை ஆகாது.

இலக்கியத்தில் நாம் போட்ட சண்டைகளை இங்கே நினைத்துப் பார்ப்பது உபயோகமாக இருக்கும். க. நா. சு. பட்டியல் போடுகிறார் என்று எத்தனை வருஷம் குறை சொன்னோம். சி. சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' ஆரம்பித்து, அபிப்பிராயம் போதாது, அலசிக் காட்டு என்றார். ஒரு கவிதை எப்படி இயங்குகிறது என்று வரி வரியாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் அதன் பிறகுதான் நமக்கு வந்தது. அலசலில் வறட்சி உண்டு, பட்டியலில் அகங்காரம் உண்டு. அந்த விவாதம் இன்னும் தீரவில்லை. ஆனால் க. நா. சு.வின் பட்டியலுக்குப் பின்னால் ஒரு வாழ்நாள் வாசிப்பு இருந்தது. பட்டியலில் ஒரு பெயரைச் சேர்ப்பதும் விடுவதும் அவர் துணிந்து செய்த காரியம். கச்சேரி விமர்சகரின் பட்டியல் மேடையில் பாடியவர் போட்டது. அதைப் பிரதி எடுத்திருக்கிறார். அலசல் கிடையாது, தேர்வும் கிடையாது. இலக்கியத்தில் அறுபது வருஷங்களுக்கு முன் நாம் ஒழித்துக்கட்டியதாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒன்று சபாக்களில் சௌக்கியமாக இருக்கிறது.

சௌக்கியமாக இருப்பதற்கு நாமும் பொறுப்பு. நம்மில் பலர் சங்கீதம் தெரிந்தவர்கள். தெரிந்த மாதிரி பேசுகிறவர்கள் இன்னும் அதிகம். சீசனில் சபா கேண்டீன்களில் ஒருவரை ஒருவர் சந்தித்துக்கொள்கிறோம். போளியைத் தின்றுகொண்டே, உள்ளே பாடுகிறவரின் காம்போதியைப் பற்றி அபாரமான அபிப்பிராயங்கள் சொல்கிறோம். எவரும் எழுதுவதில்லை. சங்கீதத்தை வார்த்தையில் சொல்ல முடியாது என்று ஒரு சாக்கு வைத்திருக்கிறோம். தமிழில் முடியும் என்பதற்கு நமக்கு வெளியே ஆதாரம் தேட வேண்டாம். மௌனி 'பிரபஞ்ச கானம்' எழுதினார். தி. ஜானகிராமன் 'மோகமுள்'ளும் 'செய்தி'யும் எழுதினார். அவற்றில் சங்கீதம் அலங்காரமாக வரவில்லை. ஒரு ஸ்வரம் ஒருவனை என்ன செய்கிறது என்கிற விசாரணையாக வருகிறது. ஒரு ராகத்தைக் கேட்கிறவன் எதை இழக்கிறான், எதைப் பெறுகிறான் என்று சொல்வதற்கான மொழி அவர்கள் கதைகளில் தயாராக இருக்கிறது. விமர்சனம் அதை எடுத்துக்கொள்ளவில்லை. கதையில் சாத்தியமானது விமர்சனத்தில் ஏன் சாத்தியமாகவில்லை என்றால், கதாசிரியன் அந்த ஸ்வரத்துக்குப் பக்கத்தில் தன்னை நிறுத்திவைத்தான். விமர்சகர் தன்னைப் பத்திரமாக வெளியே வைத்துக்கொள்கிறார்.

இந்தப் பத்திரம் சங்கீதத்தோடு நிற்கப்போவதில்லை என்பதுதான் என் கவலை. புத்தக மதிப்புரைகளைப் பாருங்கள். 'சரளமான நடை', 'மண்வாசனை', 'பாத்திரங்கள் கண்முன் நடமாடுகிறார்கள்'. களை கட்டுவதற்கும் பொறி பறப்பதற்கும் இவை ஒன்றுவிட்ட சகோதரர்கள். நம்முடைய பத்திரிகைகளிலும் இவர்கள் நடமாட ஆரம்பித்துவிட்டார்கள்.

1881 டிசம்பர் 4ஆம் தேதி வியன்னாவில் சைகோவ்ஸ்கியின் வயலின் கான்சர்ட்டோவை பிராட்ஸ்கி முதன்முதலாக வாசித்தார். எடுவர்ட் ஹான்ஸ்லிக் அதைத் தாக்கி எழுதினார். காதுக்கு நாற்றமடிக்கிற சங்கீதமும் இருக்க முடியும் என்கிற எண்ணத்தை அது தனக்கு உண்டாக்கியது என்று எழுதினார். இன்று உலகத்தில் அதிகம் வாசிக்கப்படுகிற வயலின் கான்சர்ட்டோக்களில் அது ஒன்று. ஹான்ஸ்லிக் தோற்றார் என்பதைவிட இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தோற்கும்படியாக அவர் ஒன்றைச் சொன்னார். அவர் கேட்டது அந்தக் குறிப்பிட்ட சங்கீதத்தை. அது அவரை உண்மையாகவே உபத்திரவப்படுத்தியது. உபத்திரவத்தை மறைக்காமல் எழுதினார். அதனால்தான் நூற்று நாற்பது வருஷங்களுக்குப் பிறகும், அந்த சங்கீதத்தில் அவரைத் தொந்தரவு செய்தது என்ன என்று நாம் போய்த் தேடிக் கேட்க முடிகிறது. சைகோவ்ஸ்கிக்கு அந்த விமர்சனம் மனப்பாடமாகவே இருந்தது என்று சொல்வார்கள். ஒரு கலைஞனைப் புண்படுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தன்னைப் பற்றி எழுதப்பட்டதில் ஒரு வாக்கியமாவது ஒரு கலைஞனின் மனசில் தங்க வேண்டாமா? தன்னைக் கேட்டவர் ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்தார் என்று அவன் தெரிந்துகொள்ள வேறென்ன வழி இருக்கிறது?

கச்சேரி விமர்சனம் எழுதுகிறவர்களிடம் ஞானம் வேண்டும், பாண்டித்தியம் வேண்டும் என்றெல்லாம் நான் பெரிய கோரிக்கைகள் வைக்கவில்லை. ஒன்பது உருப்படிகளின் பெயரை விட்டுவிடுங்கள். பக்கவாத்தியக்காரர்களுக்கு ஆளுக்கொரு பெயரடை பங்கிடுவதை விட்டுவிடுங்கள். அன்றைக்குக் கேட்டதில் ஏதாவது ஓர் இடத்தைப் பற்றி, தப்பாகப் போய்விடக் கூடிய ஒரு வாக்கியம் எழுதுங்கள். தப்பாகவே போனாலும் பரவாயில்லை. அந்த ஒரு வாக்கியத்தோடு சண்டை போட என்னைப் போல நாலு பேர் இருக்கிறோம். இப்போது சண்டை போட எதுவும் இல்லை.